பிள்ளை பயிரிட்ட ஓர் ஏக்கர்

சர்க்கார் பண்ணையின் செழிப்பைக் காட்டினால் குடியானவன் எதிர்த்துப் பேசமாட்டான். "சர்க்கார் பணம், சர்க்கார் எரு, விளையாமல் என்ன செய்யும்?" என்று வழியில் சொல்லிக்கொண்டு போவான். அதில் நியாயம் இல்லையென்று நாம் கூறமாட்டோம். மகசூல் தவறினால் பட்டினி கிடப்பவன் அவனல்லவா?

இதை நன்கு உணர்ந்தவர் அமெரிக்காவின் ஸீமன் நாப். 1903-ல், டெக்ஸாஸில் கூன்வண்டு பருத்தியை நாசம் செய்துகொண்டிருந்த சமயம், டெரல் என்ற ஊரில் வால்டர் போர்ட்டர் என்னும் நிலச்சொந்தக்காரரின் வயலில், அவர் கையாலேயே புதிய முறையைச் செய்து பார்க்கச் சொன்னார். நஷ்டம் வந்தால் ஈடு செய்ய ஊர் வியாபாரிகள் பணத்துக்கு ஜவாப்தாரியானார்கள். அந்தப் பணம் தேவைப்படவேயில்லை. வழக்கமான சாகுபடியைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்ததென்று போர்ட்டரே கணக்குச் சொன்னார்.

தகப்பனார் அசையாத வீடுகளில் பிள்ளைகள் அசைந்தார்கள். 1907-ல் மிஸிஸிப்பியில் ஒரு பள்ளிக்கூட அதிகாரி பையன்களுக்கு மக்காச்சோளச் சங்கம் அமைத்தார். இத்தகைய சங்கங்கள் பரவின; ஆழ உழுது, நல்ல விதை பொறுக்கி, ஆளுக்கு ஓர் ஏக்கர் பயிரிடவேண்டும். 1910-ல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஓர் ஏக்கரில் 228 புஷல், அதாவது 5,700 கிலோவுக்கு மேல், கண்டுமுதல் செய்தான். அந்தப் பிரதேசத்துப் பெரியவர்களின் சராசரியோ சுமார் 20 புஷல்! அப்பிள்ளையின் தகப்பனார் அதன்பின் எந்த வாயால் பழைய முறைக்குப் பரிந்து பேசியிருப்பார்?

அதே வருஷம் அதே மாகாணத்தில் பெண் குழந்தைகளுக்குத் தக்காளிச் சங்கம் வைத்தவர் மேரி க்ரோமர் என்ற உபாத்தியாயினி. உபாத்தியாயர்களான நமக்கு இதில் சற்றுக் கர்வந்தான். 1914-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே இயற்றி, விவசாயக் கலாசாலைகளின் போதனையை வயல்வெளிக்கு அனுப்பியது.