ஸ்டோர் ரூமிலிருந்து வரும் சீட்டு

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம், கல்லூரிப் பிள்ளைகளையும் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களையும் நம்பி நடக்கும் ஒரு மெஸ்ஸின் அடுப்படியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வடைச் சட்டி, பூரிச் சட்டி. சிந்துகிற எண்ணெயை வழித்தெடுக்க ஓர் ஆள். பின்கட்டில் பழைய எண்ணெய் டின்கள், அவற்றை எடுத்துப்போக வரும் வண்டி. ஓரமாக ஒரு ஸ்டோர் ரூம். வயிற்றுக் கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்ல இந்த அடுப்படி போதும்.

வழித்தெடுக்கும் ஆள்தான் மாக்ரோஃபேஜ். நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த செல். கிருமியோ கழிவோ, கண்டதை விழுங்குவது அதன் வேலை. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து போகும் எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாயின் சுவருக்குள் கசிந்து, அங்கேயே தங்கி, ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போகின்றன. தரையில் சிந்திய எண்ணெய் அதுதான்.

உடலின் மற்ற செல்கள் எல்டிஎல்லை வாங்க ஒரு ஜன்னல் வைத்திருக்கின்றன. தேவைக்கு வாங்கியதும் ஜன்னல் மூடிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாக்ரோஃபேஜ் கெட்டுப்போன எல்டிஎல்லை எடுப்பது வேறு கதவுகள் வழியாக: எஸ்.ஆர்.-ஏ, சி.டி.36. வயிறு நிறைந்தாலும் இவை மூடுவதில்லை. நோயின் வேர் எனக்குத் தெரிந்து இங்கேதான் இருக்கிறது. உள்ளே வருவதற்கு அளவில்லை என்றால், வெளியே அனுப்புகிற வழி திறந்திருந்தால்தான் அந்தச் செல் பிழைக்கும்.

வழித்த எண்ணெயை ஆள் இரண்டு விதமாகக் கையாளலாம். டின்னில் ஊற்றி மூடி வைக்கலாம். கொலஸ்ட்ரால் தனியாகக் கிடந்தால் செல்லையே கெடுக்கும் என்பதால், ஏகேட் என்னும் நொதி அதைக் கொழுப்பமிலத்தோடு பிணைத்துத் துளிகளாக ஒதுக்கிவிடுகிறது. அப்போதைக்கு அது நல்லதுதான். இரண்டாவது வழி, பின்வாசலில் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவது. பின்வாசலின் பெயர் ஏ.பி.சி.ஏ.-1. வண்டி, எச்டிஎல். நிஜமான மெஸ்ஸிலும் இப்படித்தான்: துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கவும் திட்டம் இருக்கிறது. எச்டிஎல் கொண்டுபோவது கல்லீரலுக்கு. அங்கிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்கு.

சிக்கல் ஒன்று உண்டு. மூடிய டின்னை அப்படியே வண்டியில் ஏற்ற முடியாது. திறந்து, மறுபடி தனிக் கொலஸ்ட்ராலாக்கித்தான் பின்வாசலில் கொடுக்க வேண்டும். மூடுகிற வேகம் திறக்கிற வேகத்தை மிஞ்சினால் டின்கள் குவியும். நுண்ணோக்கியில் அந்தச் செல் நுரைத்துத் தெரியும், நுரைச்செல் என்கிறார்கள். அவை செத்துக் குவிந்த இடத்தில்தான் அடைப்பு வளர்கிறது.

ஸ்டோர் ரூமுக்கு வருவோம். கொழுப்புத் திசுவை வெறும் சரக்கறை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாக அடிபோனெக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் பிடிபட்டது. சரக்கறை அடுப்படிக்குச் சீட்டு அனுப்புகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அடிபோனெக்டின் சீட்டு கொஞ்சநஞ்சமல்ல: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சில மைக்ரோகிராம், லெப்டினைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

அதில் எழுதியிருப்பது என்ன? ஒசாகா ஆய்வாளர்கள் 2001-ல் மனித மாக்ரோஃபேஜ்களில் பார்த்தபோது, அடிபோனெக்டின் பட்ட செல்களில் எஸ்.ஆர்.-ஏ கதவு குறைந்தது, கொழுப்புத் துளிகளும் குறைந்தன. பின்வந்த ஆய்வுகளில் ஏகேட் தணிந்தது, ஏ.பி.சி.ஏ.-1 கூடியது. ஆக, முன்கதவைச் சாத்து, டின் மூடுவதைக் குறை, பின்வாசலைத் திற என்று மூன்று உத்தரவு ஒரே சீட்டில். லெப்டின் இதற்கு எதிர்: அது ஏகேட்டைக் கூட்டுகிறது. ரெசிஸ்டின் என்ற மற்றொன்று சி.டி.36-ஐக் கூட்டி, பின்வாசலைச் சுருக்குகிறது. மனிதரில் அதைப் பெரும்பாலும் சுரப்பவை மாக்ரோஃபேஜ் போன்ற செல்களே.

ஸ்டோர் ரூம் பெரிதானால் நல்ல சீட்டும் அதிகம் வரும் என்றுதானே தோன்றும்? நடப்பது தலைகீழ். வயிற்றுக்குள் கொழுப்பு செல்கள் உப்பி, அங்கே அழற்சி மூண்டதும் அடிபோனெக்டின் குறைகிறது, லெப்டின் ஏறுகிறது. சரக்கு பிதுங்குகிற நேரத்தில்தான் பின்வாசலைத் திறக்கச் சொல்லும் சீட்டு வராமல் போகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது நெருக்கமான விஷயம். கை கால் ஒல்லி, தொந்தி மட்டும் முன்னால் என்ற உடல்வாகு நமக்குப் புதிதல்ல. அடிபோனெக்டின் குறைந்த இந்தியர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2003-ல் காட்டினார்கள். டாக்டர் வி. மோகன் குழுவின் சென்னை நகர்ப்புற-கிராமப்புற ஆய்வு, 2005-ல், அடிபோனெக்டின் குறைவை வளர்சிதைமாற்றக் கோளாறுகளோடு தொடர்புபடுத்திக் காட்டியது. 2023-ல் வெளியான நாடளாவிய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. மாக்ரோஃபேஜ் பற்றி மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது. மரபிலேயே அடிபோனெக்டின் கூடுதலாக உள்ளவர்களை ஆராய்ந்தபோது, அதனால் மட்டும் அவர்களுக்கு இதயநோய் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு சீட்டை மட்டும் கூட்டினால் அடுப்படி திருந்திவிடும் என்று நம்ப இடமில்லை. வண்டிகளைக் கூட்டுவதும் அப்படியே: நியாசின் மாத்திரை எச்டிஎல்லை உயர்த்தியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை, அதைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2011-ல் நிறுத்தப்பட்டது. அதனால் அடிபோனெக்டினைக் கூட்டும் என்று விற்கிற டப்பாக்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிந்தும் எண்ணெயைக் குறைக்கிற ஸ்டாட்டினை டாக்டர் கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

லிப்பிட் ரிப்போர்ட்டில் ஸ்டோர் ரூமின் நிலவரம் வராது. அதற்குத் தையற்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்டபிறகு அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே வரம்பு. தாண்டியிருந்தால், அடுத்தமுறை டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு அந்த எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள்.