நைரோபி லாரியும் மஞ்சள் புத்தகமும்

ஆப்பிரிக்காவைத் தரைவழியாகக் கடக்கும் குழுப் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் விசாரிப்பது கேமரா லென்ஸைப் பற்றி. அடுத்தது சாப்பாடு. மூன்றாவது, இரவில் கூடாரத்துக்குப் பக்கத்தில் சிங்கம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. கொசுவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மே மாத இரவில், கரண்ட் போன வீட்டில், காலிலும் கழுத்திலும் தட்டித் தட்டியே தூங்கப் பழகிய நமக்குக் கொசு ஒரு பொருட்டா?

விடுமுறை இதழுக்கு ‘லாரியில் ஆப்பிரிக்கா’ என்று எழுதச் சொன்னார்கள். பெட்டியில் என்னென்ன வைப்பது, எதை விட்டுப் போவது என்று பட்டியல் வேண்டுமாம். அதையும் சொல்கிறேன். ஆனால் பட்டியலில் பாதி விஷயம் கேப்டவுன் கடைத்தெருவில்கூடக் கிடைக்கும். கிடைக்காத ஒன்றிரண்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வழக்கமான தடம் இது: நைரோபியில் ஏறி, செரெங்கெட்டி, நிகோரோங்கோரோ பார்த்து, தார்-எஸ்-சலாமில் படகு பிடித்துச் சான்சிபார், திரும்பி வந்து மலாவி ஏரிக்கரை, சாம்பியா, விக்டோரியா அருவி, போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ, நமீபியப் பாலைவனம், கடைசியில் கேப்டவுன். எட்டு வாரம் ஆகும். லாரியின் பின்பக்கத்தில் பெரிய ஜன்னல் வைத்து இருக்கை போட்டிருப்பார்கள். இருபது பேர், இருபத்திரண்டு பேர் உட்காரலாம். அடுப்பு, பாத்திரம், தண்ணீர்த் தொட்டி, கூடாரம் எல்லாம் லாரியின் வயிற்றுக்குள். இருவருக்கு ஒரு கூடாரம். அடிப்பதும் மடிப்பதும் நம் வேலை. சமையலுக்கு முறை போட்டு ஆள் பிரிப்பார்கள். சாப்பிட்ட தட்டைத் துணியால் துடைக்க மாட்டார்கள். ஈரத்துணியில் கிருமி தங்கும் என்பதால் தட்டைக் கையில் பிடித்து வீசி வீசியே காய வைக்க வேண்டும். அறுபது வயதுப் பெரியவர்கள் வரிசையாக நின்று தட்டு வீசுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். லாரியில் ஆளுக்கு ஒரு சின்ன அறைதான். மடங்கக்கூடிய துணிப்பைதான் உள்ளே போகும். தலையில் மாட்டும் டார்ச் அவசியம். கம்பளிச் சட்டை ஒன்றாவது வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் போனால், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிகோரோங்கோரோ விளிம்பில் ஜூலை இரவு பல்லைத் தந்தியடிக்க வைக்கும். டாலர் நோட்டு புதிதாக, கிழிசலும் கிறுக்கலும் இல்லாமல் இருக்கட்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பழைய வரிசை நோட்டைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். பிளாஸ்டிக் கேரி பேக்கில் துணியைச் சுற்றி வைக்கும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யாவில் 2017 முதல் தடை, தான்சானியாவில் 2019 முதல். கென்யச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. சைவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் பல நாள் கஞ்சிக் களி மாதிரி இருக்கும் சோளமாவு உகாலியோடு பீன்ஸ்தான் கிடைக்கும். பருப்புப் பொடி காப்பாற்றும்.

விசாக்கள் பற்றி ஒரு வரி: நாட்டுக்கு நாடு விதி வேறு, அடிக்கடி மாறுகிறது, பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளும் நிறைய வெற்றுப் பக்கமும் இருக்கட்டும். எல்லைகளைக் கடப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. சாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் நடுவே சாம்பெசி ஆற்றைத் தாண்ட மிதவைக்காக லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் போய்விட்டது. 923 மீட்டர் நீளமுள்ள கசுங்குலா பாலம் 2021 மே மாதம் திறக்கப்பட்டது. பாலம் நேராக இல்லாமல் வளைந்து போவதைக் கவனியுங்கள். பக்கத்திலேயே இருக்கும் சிம்பாப்வே எல்லைக்குள் கால் வைக்காமல் இருக்கத்தான் அந்த வளைவு.

பெட்டி முடிந்தது. இனி கொசு.

எட்டு வாரத்துக்கு வெளியூரில் இருக்க யாரால் முடியும்? வேலைக்குப் போகிறவர்களால் முடியாது. பணி ஓய்வு பெற்று, கையில் கொஞ்சம் பணமும் காலில் கொஞ்சம் வலுவும் மிச்சமிருப்பவர்கள்தான் கிளம்புகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கென்யா, கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடு. போகிறவர்கள் தடுப்பூசி போட்டு, அதற்கான சான்றிதழை, மஞ்சள் நிறச் சின்னப் புத்தகத்தை, பாஸ்போர்ட்டோடு வைத்திருக்க வேண்டும். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும் எல்லைச் சாவடியில் முதலில் நீட்டச் சொல்வது அதைத்தான்.

இந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. 1930-களில் உருவானது; அதற்காக 1951-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, பெற்றவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். ஒரே ஊசி போதும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் சர்வதேச விதிப்படி சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸைக் கொண்ட ஊசி. அறுபது வயதுக்கு மேல் முதல் முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள் போடக்கூடாது, அல்லது தீர யோசித்துப் போட வேண்டும். முன்பணத்தைக் கட்டி, பேரனிடம் சொல்லி, சங்கத்தில் பெருமையடித்து, கிளம்புவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது டாக்டர் தலையை ஆட்டினால் என்ன செய்வது?

எனவே முன்பணத்துக்கு முந்தைய வேலை, டாக்டரைப் பார்ப்பது. ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டியில் ஒன்று, துறைமுகப் பக்கம் ஒன்று. மருந்துக் குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்கும் போட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாள்களில், முன்பதிவு செய்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மாதம் முன்பே கிளம்பினால்தான் நிம்மதி.

ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர் விலக்குக் கடிதம் தரலாம். அந்தக் கடிதம் அதிகாரியைச் சமாதானப்படுத்தினாலும் படுத்தும், கொசுவைச் சமாதானப்படுத்தாது. ஊசி போடாமலே புத்தகத்தை மட்டும் பூர்த்தி செய்து தரும் ஆசாமிகளும் உலகெங்கும் உண்டு. அவர்களிடம் போவதைவிடப் பயணத்தையே மாற்றிக்கொள்ளலாம்: கேப்டவுனில் தொடங்கி நமீபியா, போட்ஸ்வானா பார்த்து, சிம்பாப்வே பக்கத்திலிருந்து விக்டோரியா அருவியைக் காணும் மூன்று வாரப் பயணங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. செரெங்கெட்டி போய்விடும், சரி, யானை போகாது.

இந்தியா இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி காட்டுகிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நோய் உள்ள நாட்டை விட்டு ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்திறங்கினால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். கெடுபிடிக்குக் காரணம் நம் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்புகிறது. கொசு நம்மிடம் இருக்கிறது, ஊசி போடாத கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறோம், வைரஸ் மட்டும் இல்லை. ஆசியாவில் இந்த நோய் ஏன் இதுவரை வேரூன்றவில்லை என்பதற்கு உறுதியான விடையை விஞ்ஞானிகளே சொல்வதில்லை. 2016-ல் அங்கோலாவில் கொள்ளைநோயாகப் பரவியபோது, அங்கே வேலை பார்த்துவிட்டுச் சீனாவுக்குத் திரும்பியவர்களில் 11 பேருக்கு நோய் உறுதியானது. நல்லவேளை, அங்கே அது பரவவில்லை. அவர்கள் இறங்கியது டெங்கு காலத்துச் சென்னையாக இருந்திருந்தால்? நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு கடன் இருக்கிறது. நம் நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி ஆசியக் கொசு. 2012-ல் அது ஆப்பிரிக்கக் கொம்பில் உள்ள ஜிபூட்டியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அந்தச் சின்ன நாட்டில் மலேரியா ஏறக்குறைய ஒழிந்திருந்தது. 2020-ல் நோயாளிகள் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியது. இப்போது எத்தியோப்பியா, கென்யா வரை வந்துவிட்டது. கொசுவுக்கு விசா கேட்பார் இல்லை.

மலேரியாவுக்கு வருகிறேன். ‘எனக்கு மலேரியா வந்து போயிருக்கிறது, உடம்பு பழகிவிட்டது’ என்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருவர் இருப்பார்கள். சென்னை ஆசாமிக்கு வந்து போனது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆளைப் படுக்கப் போடும், பெரும்பாலும் அவ்வளவுதான். அங்கே இருப்பது ஃபால்சிபாரம். காய்ச்சல் கண்ட ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய குளோரோகுயின் அட்டை அதன் முன்னால் செல்லாக்காசு.

தடுப்பு மாத்திரைகளில் மூன்று வழக்கத்தில் உள்ளன. டாக்ஸிசைக்ளின் மலிவு, எங்கும் கிடைக்கும், தினம் ஒன்று. சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் சிலருக்குத் தோல் வெந்துபோகும். திறந்த ஜன்னலோரம் இரண்டு மாதம் உட்காரப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, மனக்குழப்பம் வரை கொண்டுபோகும். கூடாரத்தில் பக்கத்தில் படுப்பவரையும் நினைத்துப் பாருங்கள். அட்டோவாக்வோன்-புரோகுவானில் சேர்ந்த மாத்திரை தொந்தரவு குறைந்தது, விலை கூடியது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தச் சீட்டையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டி முடிவு செய்ய வேண்டும். நண்பர் சாப்பிட்டதைப் பார்த்து வாங்கக்கூடாது.

மாத்திரை பாதிதான். மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்த பிறகு, அதிலும் நள்ளிரவை ஒட்டி. உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலையும் பாதத்தையும்தான் அது முதலில் தேடும். நெருப்பைச் சுற்றி லுங்கியும் ரப்பர் செருப்புமாக உட்காரும் நம் ஆட்கள் அதற்கு விருந்து. பொழுது சாய்வதற்குள் குளித்துவிட்டு, முழுக்கை, முழுக்கால்சட்டை, காலுறை போட்டு, டீட் அல்லது இகாரிடின் கலந்த களிம்பைத் திறந்த இடமெல்லாம் தடவ வேண்டும். கூடாரத்தின் ஜிப்பை மூடுவதில் கறார் வேண்டும். இருவர் கூடாரத்தில் ஒருவர் மட்டும் கறாராக இருந்து பயனில்லை என்பதால், கூட்டாளி யார் என்பதை முதல் நாளே பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குறட்டை விடுபவரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜிப்பைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவரை முடியாது.

பகலில் வேறொரு பூச்சி: செட்ஸி ஈ. துணிக்கு மேலேயே குத்தும், களிம்பை மதிக்காது. கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் தைக்கிறார்கள். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, காக்கி, மணல் நிறத்தில் வாங்குங்கள்.

எப்போது போவது என்பதையும் கொசுதான் தீர்மானிக்க வேண்டும். நம் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருமழைக் காலம். சேறும் கொசுவும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் விக்டோரியா அருவியில் தண்ணீர் கரைபுரளும், சாரல் மூடி அருவியே தெரியாது. ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், கொசு குறைவு, விலங்குகள் நீர்நிலைகளில் கூடும். பேரப்பிள்ளைகளோடு போகும் ஆசையை இதற்காக விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

இப்படிப் பயமுறுத்தினால் ஒருவரும் கிளம்ப மாட்டார்கள், ஆண்டுதோறும் எத்தனையோ பேர் போய்ச் சுகமாகத்தான் திரும்புகிறார்கள் என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். திரும்பியவர்களில் பெரும்பாலோர் மாத்திரை சாப்பிட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் இடம் எது தெரியுமா? நமீபியா. வடக்கே எட்டோஷா பூங்காவோடு மலேரியா ஆபத்து ஏறக்குறைய முடிகிறது. தெற்கே மணல்மேடு, குளிர்ந்த கடல்காற்று, கொசுவே கண்ணில் படாது. கேப்டவுனில் மேசை மலையைப் பார்த்ததும் அட்டையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளினையும் மெஃப்ளோகுயினையும் ஆபத்துப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். மூன்றாவது மாத்திரைக்கு ஏழு நாள். எட்டோஷாவில் வாங்கி வந்த ஒட்டுண்ணி கல்லீரலில் பதுங்கியிருந்து பிறகுதான் ரத்தத்துக்குள் இறங்கும். அதாவது அந்த நான்கு வார மாத்திரையில் கடைசிப் பகுதியைச் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்த நான்கு வாரத்துக்கான 28 மாத்திரையைக் கிளம்பும்போதே தனி உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி வைப்பது உத்தமம்.

வந்த பிறகு காய்ச்சல் கண்டால் வீட்டு டாக்டர் டைஃபாய்டு என்பார், டெங்கு என்பார். பரிசோதனைக்கு எழுதித் தருவார். ஆப்பிரிக்கா போய் வந்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேரியா ரத்தப் பரிசோதனை ஒருமுறை இல்லை என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்து மறுபடி, தேவைப்பட்டால் மூன்றாம் முறையும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் இதுதான் விதி. அதற்குப் பிறகும் ஓராண்டு வரை சொல்லிவைப்பதில் தப்பில்லை.