வெளியே அழைக்கும் விளம்பரங்கள்: அச்சு வாசகங்களில் மொழித்திறன்

முன்னுரை

விளம்பரம் என்றாலே பொருளை வாங்கத் தூண்டுவது எனக் கருதுகிறோம். ஆயினும் மக்களைக் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அழைக்கும் விளம்பரங்களும் உண்டு. அவற்றின் பின்னணியிலும் விற்பனை நோக்கம் இருக்கலாம். எனினும் அவை கையாளும் மொழி தனித்து நோக்கத்தக்கது. அம்மொழித்திறனை விளக்கி, தமிழ் வகுப்பறைக்கு அதனால் விளையும் பயனைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடையே அழைப்பாதல்

1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரேட் நார்தர்ன் இரயில்வே நிறுவனத்திற்காக ஜான் ஹாசல் என்னும் ஓவியர் ஒரு சுவரொட்டி வரைந்தார். ஸ்கெக்னெஸ் கடற்கரையில் பருத்த மீனவர் ஒருவர் கைகளை விரித்துத் துள்ளி ஓடுகிறார். படத்தில் தொடர்வண்டி இல்லை. அக்கரையின் குளிர்காற்று பயணிகளைத் தயங்கவைக்கக் கூடியது. சுவரொட்டியின் வாசகமோ அக்காற்று உடலுக்கு ஊக்கம் தருவது எனப் பாராட்டியது. மறைக்க வேண்டிய குறையே அழைப்பாக மாறியது.

இதே உத்தியைத் தமிழில் 'கறை நல்லது' என்னும் வாசகத்தில் காணலாம். யூனிலீவர் நிறுவனம் சலவைத்தூளுக்காகப் பல நாடுகளில் நடத்திய பரப்புரையின் இந்திய வடிவம் 2005ஆம் ஆண்டளவில் சர்ஃப் எக்ஸெல் பெயரில் வெளிவந்தது. அதன் தமிழ் வாசகமே இது. தொலைக்காட்சியில் பெரிதும் பரவியதாயினும் இவ்வாசகம் அச்சுக்கும் முற்றும் பொருந்துவது. பிள்ளைகளை மண்ணில் விளையாட விடாமல் பெற்றோரைத் தடுப்பது கறை பற்றிய அச்சம். அவ்வச்சத்தையே வாசகம் எழுவாயாக்கிக் கொள்கிறது. எழுவாயும் குறிப்பு வினைமுற்றும் தவிர வேறு சொல் இல்லை, ஏவலும் இல்லை. தமிழில் கறை இழுக்கைக் குறிப்பினும், நஞ்சுண்டு உலகைக் காத்த சிவனைக் 'கறைக்கண்டன்' எனப் போற்றுவதும் நம் மரபே. கறை பெருமையாவது தமிழுக்குப் புதிதன்று.

மலாயும் தமிழும்

மலேசியாவில் உள்நாட்டுச் சுற்றுலாவை வளர்க்க 1999ஆம் ஆண்டு 'சூத்தி-சூத்தி மலேசியா' பரப்புரை தொடங்கப்பட்டது. 'சூத்தி' என்றால் விடுமுறை. மலாயில் 'ஜாலான்-ஜாலான்' என இரட்டிக்கும்போது பரபரப்பின்றி உலாவுதல் என்னும் பொருள் பிறக்கும். அவ்வகையில், விடுமுறைப் பயணம் பெரிய ஏற்பாடு என்னும் தயக்கத்தை இவ்விரட்டிப்பு தணிக்கிறது. தமிழிலோ அடுக்குத்தொடர் விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றை உணர்த்தும் என்பர் இலக்கண நூலார். ஆகவே 'விடுமுறை விடுமுறை' எனப் பெயர்த்தால் மலாயின் நிதானம் தமிழில் பரபரப்பாகிவிடும். ஒரு மொழியின் இயல்பிலிருந்து பிறந்த வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பயன் தராது என்பது இதனால் விளங்கும்.

செராஸ் ஏரியும் மாணவர் வாசகமும்

செராஸ் வட்டாரத்தில் பெர்மைசூரி ஏரிப் பூங்கா உள்ளது. அதற்கு மக்களை அழைக்கும் சுவரொட்டிக்கு ஒரு வரி எழுதுமாறு என் மாணவர்களைக் கேட்டேன். பெரும்பாலோர் 'வாரீர்', 'நடப்பீர்', 'உடல்நலம் காப்பீர்' என்றே முடித்தனர். அவற்றில் பிழை இல்லை, அழைப்பும் இல்லை. ஒரு மாணவி மட்டும் 'செலவில்லாச் செலவு' என எழுதினார்.

செலவு என்பதற்குப் பயணம் என்ற பழம்பொருள் உண்டு. பொருள் தேடப் பிரிய எண்ணிய தலைவன் பயணத்தைத் தவிர்ப்பதைச் 'செலவழுங்கல்' என்கிறது அகமரபு. வார இறுதியில் பேரங்காடிக்குச் சென்றால் பணம் கரையும் என்பது குடும்பங்களின் கவலை. அதையே அம்மாணவி அழைப்பாக்கினார். "பழம்பொருளை அறியாதவர் என்ன செய்வர்?" என்று பிறர் வினவினர். அவ்வினா நியாயமானதே. வெறும் பையை வெளியே இழுத்துக் காட்டியபடி மகளுடன் ஏரிக்கரையில் நடக்கும் தந்தையை வரையலாம் என்றார் அவர். சொல் விட்ட இடத்தைப் படம் நிரப்புவதே அச்சு விளம்பரத்தின் இயல்பாகும்.

முடிவுரை

சிறந்த வாசகம் கட்டளையிடுவதில்லை. வாசகரின் தயக்கத்தை அறிந்து, அதையே தன் மொழியின் இயல்பால் விருப்பமாக்குகிறது. தமிழாசிரியர்கள் வாசகம் எழுதும் பயிற்சியில் ஏவலையும் வியங்கோளையும் ஒருமுறை விலக்கிவைத்துப் பார்க்கலாம். அடுக்குமாடி வீடுகளில் திரைமுன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளும் ஒருவகையில் செலவழுங்கியவர்களே. அவர்களை ஏரிக்கரைக்கு அழைக்கும் சொல் நம் இலக்கண வகுப்பிலேயே பிறக்கக்கூடும்.