கடலில் பூக்கும் பாசி

கல்வராயன் மலையை அடுத்த சின்னசேலத்தில் வாழும் நான் கடலைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், எங்கள் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. ஆகவே கடலின் நலத்திலும் கேட்டிலும் எங்களுக்குப் பங்குண்டு. அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

ஏரியில் பாசி படர்வதை நீங்கள் அறிவீர்கள். கடலிலோ கண்ணுக்குப் புலப்படாத, ஒரே உயிரணுவாலான நுண்பாசிகள் கணக்கின்றி வாழ்கின்றன. கதிரவன் ஒளியால் உணவு சமைக்கும் இவையே மீனினத்தின் உணவுக்கு அடிப்படை. நமக்குப் பிராணவாயுவும் அளிக்கின்றன. எனவே பாசி நமக்குப் பகையன்று. அளவு மிஞ்சும்போதே தீமை விளைகிறது. வெயிலும் வெப்பமும் அமைந்த அமைதியான நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தால், ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகி, சில நாட்களில் நீரின் நிறத்தையே மாற்றிவிடும்.

இதனால் விளையும் தீமை இருவகைப்படும். முதலாவது நஞ்சு. சிலவகை நுண்பாசிகள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. நீரை வடிகட்டி உண்ணும் மட்டிகளின் உடலில் அது சேர்கிறது. 1981-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இத்தகைய மட்டியை உண்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்; மூவர் மாண்டனர். கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது மூச்சுத்திணறல். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததை மக்கள் திரண்டு சென்று கண்டு மகிழ்ந்தனர். அவ்வொளிக்குக் காரணம் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர். அடுத்த சில வாரங்களில், மன்னார் வளைகுடாவில் பாம்பனை அடுத்த கடல் இதே உயிரின் பெருக்கத்தால் பச்சையாயிற்று. அங்குள்ள மீனவர் இதனைப் பூங்கோரை என்பர். இது மட்டியில் நஞ்சு சேர்க்கும் வகையன்று. ஆயினும் அம்மோனியாவை வெளிவிடுகிறது. அன்றியும், திரளாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகிறது. அவ்வாண்டு ஒரு லிட்டர் நீரில் பிராணவாயு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிற்று. மீன்கள் செத்து ஒதுங்கின. குருசடை முதலிய தீவுகளை அடுத்த பவளங்களும் மடிந்தன. மீனாவது நீந்தித் தப்ப முயலும்; பாறையோடு ஒட்டிய பவளம் எங்கே செல்லும்?

இப்பெருக்கத்திற்கெல்லாம் உழவரே காரணம் என்று கூறலாகாது. பருவக்காற்று ஆழ்கடலினின்று மேலே கொணரும் சத்துகளும், கடல்நீர் வெப்பமடைதலும் காரணங்களே. காற்றைக் கட்டுப்படுத்த நம்மால் இயலாது. ஆனால் வயலில் மிகையாக இட்ட யூரியாவும், ஊர்ச்சாக்கடையும் மழைநீரோடு ஆற்றில் இறங்கி, கடற்பாசிக்கு எருவாவதைத் தடுக்க நம்மால் இயலும். மண்ணைப் பரிசோதித்துப் பயிருக்கு வேண்டிய அளவே, பல தவணைகளில் உரமிடுவதால் உழவருக்குக் காசும் மிஞ்சும்.

மேலுரம் இட்ட மறுநாள் பெருமழை பெய்தால், வயலின் வடிகால் எத்திசையில் ஓடுகிறது என்று சற்றே நின்று பாருங்கள். அந்நீரின் முடிவிடம் எது என்பதை உங்கள் வீட்டாருக்கு எடுத்துரையுங்கள். நீங்கள் கற்ற அறிவியலுக்கு அதுவே நற்பயன்.