மெல்லிய தண்டுக் கிண்ணமும் மரத்தின் நார்ப் போக்கும்

பெங்களூர் காக்ஸ் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் புதியவை அல்ல. மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில், திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்களால் இத்தொழில் வேரூன்றியது என்பது மரபுச் செய்தி. அங்குப் பெரிதும் கையாளப்பட்டு வந்த மரம் வெட்பாலை. தந்தம்போல் வெளுத்து, நுண்ணிய நார்களுடன் கூடிய இம்மரம் உளிக்கு எளிதில் இணங்கும். கிலுகிலுப்பையும் சிமிழும் கடைவோருக்கு மரத்தின் சிறு குறைகள் பெருந்தடையாக இரா. பென்சிலினும் மெல்லிய தண்டின்மேல் ஒரு கிண்ணம் நிற்க வேண்டுமாயின் நிலைமை வேறு. நெடுநேர உழைப்பு இறுதி நிமிடத்தில் முறிந்து வீணாகிவிடக்கூடும்.

இம்முறிவுக்குக் கைத்தவறு ஒன்றே காரணம் என்று கருதுதல் பொருந்தாது. பல சமயங்களில் கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் விதி முடிவாகிவிடுகிறது. நார்கள் தண்டின் நீளத்திற்கு இணையாக ஓடினால் அவையே பாரத்தைத் தாங்கும். சாய்ந்து ஓடினால், மெலிந்த தண்டில் அவை பக்கவாட்டில் வெளிப்பட்டு முடிந்துவிடும். பின்னர்த் தாங்குவது நார்களன்று, நார்களுக்கிடையேயுள்ள பிணைப்பே. எனவே வாளால் அறுத்த கட்டையினும் கோடரியால் பிளந்த கட்டை சிறந்தது. பிளவு நார் வழியே செல்லும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே பலகையிலிருந்து நார் வழியே ஒரு குச்சியும், நாருக்குச் சாய்வாக மற்றொரு குச்சியும் ஒரே பருமனில் சீவி வளைத்தால், இரண்டாவது முதலில் ஒடியும்.

பருமனின் கணக்கும் அறியத்தக்கது. உருண்டைத் தண்டின் விட்டம் பாதியானால் அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. 20 மி.மீ. விட்டத்திலிருந்து 5 மி.மீ. அளவுக்கு மெலிந்த தண்டின் விறைப்பு 256 இல் ஒரு பங்கே. ஆகவே உளி சிறிது அழுத்தினும் தண்டு விலகும், அதிரும். சுழற்சி மிகுந்தால் சாட்டைபோல் வீசும்.

கடைசலின் வரிசை முறை இதிலிருந்தே பிறக்கிறது. கட்டையின் ஒரு முனையை இயந்திரத்தில் இறுகப் பிடித்து, மறு முனையில் கிண்ணத்தை முதலில் குடைதல் வேண்டும். அப்போது பின்னால் முழுப் பருமனும் துணை நிற்கும். கிண்ணத்தின் உள்ளும் புறமும் முற்றுப்பெற்ற பின்னரே தண்டைத் தொடுதல் தகும். அதனையும் ஒரே வீச்சில் மெலிப்பதில்லை. கிண்ணத்தின் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறுதிப் பருமனாக்கி, மெருகிட்டு, அடுத்த துண்டுக்குச் செல்லுதல் முறை. முடிந்த பகுதிக்கு உளி திரும்பலாகாது. இவ்விதியை மீறும் ஆசைதான் பல கிண்ணங்களை முறித்திருக்கிறது. உளி நன்கு தீட்டப்பட்டிருத்தல் இன்றியமையாதது. தேர்ந்தோர் இடக்கை விரல்களைத் தண்டின் பின்புறம் மெல்ல அணைத்து அதிர்வைத் தடுப்பர். தளர்ந்த சட்டைக்கையும் கையுறையும் இயந்திரத்தருகே ஆகா.

சென்னபட்டண முறையில் வண்ணம் பூசுவதிலும் ஓர் இடர் உண்டு. வண்ணமேற்றிய அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகிப் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவர். இவ்வழுத்தத்தை மெல்லிய தண்டு பொறாது. கிண்ணத்திற்கு, தண்டு மெலியுமுன்னரே அரக்கிடுதல் நலம். தண்டை வண்ணமின்றி விடுதல் அதனினும் நலம்.

ஈரக் கட்டை கடைவதற்கு மிருதுவாக இருப்பினும், உலரும்போது வளையத்தின் போக்கில் ஏறத்தாழ இருமடங்கும், ஆரத்தின் போக்கில் ஒரு மடங்குமாகச் சுருங்கும். வட்டமாகக் கடைந்த வாய் நீள்வட்டமாகிவிடும். கட்டையை நிழலில் சில மாதங்கள் உலர்த்துவது இதனாலேயே. மரங்களின் இயல்பு பற்றிய ஐயங்களைக் களப்பணியாளர் பெங்களூர் மல்லேசுவரத்திலுள்ள மர விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனத்திடம் எழுப்பலாம். 1938 இல் தோன்றிய வன ஆராய்ச்சிக்கூடமே 1988 இல் அந்நிறுவனமாயிற்று.

அடித்தட்டின் கீழ்ப்பரப்பைச் சற்றே குழிவாக வெட்டி, கிண்ணத்தைக் கையில் ஏந்தியவாறே இயந்திரத்திலிருந்து பிரித்தெடுத்தல் வேண்டும். குழிவு இருந்தால் விளிம்பு மட்டுமே தரையில் படிந்து, கிண்ணம் ஆடாமல் நிற்கும்.