கொல்லையும் அடுக்களையும்

விருந்து ஆண்டில் சில நாள்களே வரும். வீட்டு உணவோ நாள்தோறும் உண்ணப்பெறும். உடல் வளர்வதும் வலிமை பெறுவதும் நாள்தோறும் உண்ணும் உணவினாலேயே ஆகும். ஆயினும், மக்கள் பலர் விருந்தைப் புகழ்ந்து பேசுவர். வீட்டு உணவைப் பற்றிப் பேசுவோர் சிலரே. எளியது என்பதனால் அதனை எண்ணிப் பாராது விட்டுவிடுகின்றனர்.

பள்ளியில் பயிலும் மாணவர்களின் பசியைப் போக்க அரசு பல திட்டங்களை வகுத்துள்ளது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர்க்குக் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். இரவு உணவோ இல்லத்தாரின் பொறுப்பாகவே உள்ளது. ஆதலின், அவ்வுணவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

நம் பழைய இலக்கியங்களில் எளிய உணவு இருவகையாகக் காட்டப்பெறுகிறது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டு ஒன்றில், புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி தன் கையாலேயே தயிரைப் பிசைந்து புளிக்குழம்பு ஆக்குகின்றாள். தாளிக்கும் புகை அவள் கண்களில் படிகின்றது. கணவன் அதனை இனிது என்று கூறி உண்கின்றான். அவள் முகம் மலர்கின்றது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் வேறொரு காட்சியைப் பாடுகின்றார். வறுமையுற்ற தாய் ஒருத்தி குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து வந்து வேகவைக்கின்றாள். அதில் இட உப்பில்லை, உடன் உண்ணச் சோறில்லை, மோரும் இல்லை.

இரண்டும் எளிய உணவுகளே. எனினும், முன்னதில் மனநிறைவு உண்டு. பின்னதில் பசியே உண்டு. கீரை நல்ல உணவுதான். அஃது ஒன்றே உணவாகிவிடாது. எளிமை வேறு, வறுமை வேறு என்பதை இவ்விரு பாட்டுகளாலும் உணரலாம். எளிய உணவு நிறைந்த உணவாதற்குத் தானியம், பருப்பு, காய் அல்லது கீரை, மோர் ஆகியன ஒருங்கே சேர்தல் வேண்டும். இவற்றுள் காயையும் கீரையையும் பெரிதும் விலையின்றித் தருவது கொல்லையாகும்.

காவிரி பாயும் ஊர்களில் வீட்டின் பின்புறத்தைக் கொல்லை என்பர். பிற ஊர்களில் புழக்கடை என்றும் கூறுவர். முருங்கைக் கிளை ஒன்றை வெட்டி நட்டால் அது தழைத்து மரமாகும். இலை, பூ, காய் மூன்றும் கறிக்கு உதவும். பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில் ஒரு வாழையை வைத்தால், அது பூவும் காயும் தண்டும் தருவதோடு, உண்பதற்கு இலையும் தரும். ஆடியில் ஊன்றிய அவரை பந்தலில் படர்ந்து, மார்கழி, தை மாதங்களில் காய்த்துக் குலுங்கும். சிறுகீரையை விதைத்த ஒரு திங்களுக்குள் பறிக்கலாம். அரைக்கீரையோ கொய்யக் கொய்யத் தழைக்கும். பரங்கிக்கொடி தானே படரும். முற்றிய பரங்கிக்காய் பல வாரங்கள் கெடாதிருக்கும். கொல்லை இல்லாத நகரத்து வீடுகளிலும், மாடியில் தொட்டிகளை வைத்துக் கீரையும் கறிவேப்பிலையும் வளர்க்கலாம்.

இனி, ஓர் இல்லத்தின் இரவு உணவை எடுத்துக்கொள்வோம். சோறு, முருங்கைக்காய் இட்ட பருப்புக் குழம்பு, பரங்கிக்காய்ப் பொரியல், மோர் ஆகிய நான்கே இலையில் உள்ளன. இவற்றின் பயன் யாது?

அரிசியில் உள்ள புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் என்னும் கூறு அரிசியில் உண்டு. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. பரங்கிக்காயின் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான பொருள் உடலுள் சென்று 'ஏ' உயிர்ச்சத்தாக மாறும். கீரைகளிலும் அப்பொருள் உண்டு. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். குறை முற்றினால் பார்வையே கெடும். அச்சத்தை உடல் ஏற்பதற்குச் சிறிது எண்ணெயும் வேண்டும். ஆதலின், தாளிக்கும் எண்ணெய் சுவையோடு சத்துக்கும் உதவுகின்றது. இரவில் கீரை உண்ணலாகாது என்னும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அவ்வில்லத்தார் கீரையைப் பகலிலும், பரங்கியையும் அவரையையும் இரவிலும் உண்ணலாம்.

நல்ல பொருளையும் ஆக்கும் முறையால் கெடுத்துவிடுதல் கூடும். ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு நீங்காத அரிசியைத் தின்றவுடன் தேறின. தவிட்டில் உள்ள 'பி' உயிர்ச்சத்தே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஐக்மன் 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டிலும் அந்நோயை ஆராய, 1918-இல் குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததேயாகும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்குவதால், பச்சரிசியினும் புழுங்கலரிசியில் அச்சத்து மிகுதி. அரிசியைப் பன்முறை களைவதும், வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுவதும் அதனை வீணாக்கும். காய்களையும் நறுக்குவதற்கு முன்னரே கழுவுதல் வேண்டும்.

இவையனைத்தும் அறிந்து ஆக்கிய உணவும், வீட்டில் உள்ளார் அனைவர்க்கும் சென்று சேராவிடின் பயனின்று. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேரும், 5 வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேரும் இரத்தச்சோகை உடையவர்கள். இரும்புச்சத்துக் குறைவு இதற்குரிய காரணங்களுள் தலையாயது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. இறக்கிய பின் பிழியும் எலுமிச்சைச் சாறும், உணவோடு உண்ணும் நெல்லிக்காயும் அதனை ஏற்க உதவும். உணவோடு பருகும் தேநீரும் காப்பியும் அதற்குத் தடையாகும்.

மகளிர்க்கு இக்குறை மிகுந்திருத்தற்கு வீட்டு வழக்கமும் துணைசெய்கிறது. பல இல்லங்களில் அனைவரும் உண்டபின் தாய் உண்கின்றாள். அப்பொழுது சோறு இருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும். குழம்பில் காய் இராது. மோரும் அடியில் சிறிதே இருக்கும். கொல்லையில் கீரையைப் பறித்தவளும், புகையில் நின்று சமைத்தவளும் அவளே. அவள் இலையில் மட்டும் வெறுஞ்சோறு விழுமாயின், அவ்வில்லத்து உணவை நிறைந்த உணவு என்று எவ்வாறு கூறலாம்? கணவன் உண்டு மகிழ்ந்ததைக் கண்டு முகம் மலர்ந்தாள் குறுந்தொகைத் தலைவி. அம்மலர்ச்சி நம் இல்லங்களில் நிலைக்க வேண்டுமாயின், சமைத்தவளும் பசியாற உண்ணுதல் வேண்டும்.

ஆகவே, மாணவர்களே! ஆடி பிறந்ததும் நான்கு அவரை விதைகளை ஊன்றுங்கள். நாள்தோறும் நீர் வாருங்கள். காய்களைப் பறித்துக் கழுவிக் கொடுங்கள். ஆண்பிள்ளைகளும் இப்பணிக்கு நாணுதல் வேண்டா. இரவில் இலை போடும்போது அன்னைக்கும் ஓர் இலை போடுங்கள். அவருக்குரிய பொரியலை முன்னரே எடுத்து வையுங்கள். வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து, உள்ளதைப் பகிர்ந்து உண்ணும் எளிய உணவே உடலுக்கும் உள்ளத்திற்கும் உறுதி பயக்கும்.