சீவாளி: நாதசுரத்தின் நாக்கு

நல்ல நாதசுரம் என்றால் நரசிங்கம்பேட்டை, அதற்கேற்ற மரம் ஆச்சா என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவ்வூர் நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், நுனியில் செருகும் சின்னஞ்சிறு சீவாளி ஒத்துழைக்காவிட்டால் வாத்தியம் வெறும் குழல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணம். தை மாதக் குளிர். மாயவரம் பக்கத்திலிருந்து வந்த நாதசுரக்காரர் தங்கிய அறையில் இரவு முழுக்க ஹீட்டர் எரிந்திருக்கிறது. காலையில் வாத்தியத்தை எடுத்தால் காற்றுதான் வருகிறது, நாதம் வரவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது. "பேசாம கேசட்டைப் போட்டுடலாமே" என்று ஒருவர் முணுமுணுக்க, பெண்ணின் பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கலைஞரோ பதறவில்லை. "பத்து நிமிஷம் குடுங்கய்யா, சீவாளி காஞ்சு போச்சு. அதுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டணும்" என்றார். கெட்டிமேளம் கணீரென்று முழங்கியது. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன செய்தார்?

சீவாளி என்பது நாணல் வகையைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையில் செய்வது. நாதசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) ஊரான திருவாவடுதுறை இதற்குப் பேர்போனது. பக்குவப்படுத்திய தட்டையை இரண்டு மெல்லிய உதடுகளாக அமையும்படி தட்டையாக்கி, கெண்டை எனும் சிறு உலோகக் குழாயில் நூலால் கட்டுவர். ஊதும்போது இவ்விரு உதடுகளும் படபடவென்று மூடித் திறப்பதால் நாதம் பிறக்கிறது. ஆகவே அந்த இடைவெளிதான் எல்லாம். அதிகம் விரிந்தால் மூச்சு வாங்கும், வாசிப்பவர் களைத்துப் போவார். மிகவும் ஒட்டினால் தொனி மெலிந்து, பாதியில் நின்றுவிடும்.

கொறுக்கை புல்தானே, ஈரத்தைக் குடிக்கும், விடும். காவிரிக் கரையில் சொன்னபடி கேட்கும் சீவாளி, தில்லியின் வறண்ட காற்றில் விறைத்துக் கோணுகிறது. மும்பையின் ஆடி மழையில் ஊறித் துவள்கிறது.

சரிசெய்யும் முறை இதுதான். முதலில் வாயில் வைத்து நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த சீவாளியை அழுத்தினால் விரிசல் விடும். நனைந்தபின் இரு ஓரங்களையும் விரலால் மெல்ல அழுத்தினால் வாய் விரியும், மேலும் கீழும் அழுத்தினால் ஒடுங்கும். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தால் கெண்டையைச் சற்று உள்ளே தள்ளலாம். ஏறியிருந்தால் வெளியே இழுத்து, தளராதபடி நூல் சுற்றலாம். சீவுவதும் நறுக்குவதும் கடைசி வழி. வெட்டியது திரும்ப ஒட்டாது! நாதசுரத்தில் நூல் கட்டித் தொங்கும் உபரிச் சீவாளிகளும் ஊசியும் அலங்காரத்துக்கு அல்ல. உள்ளே சேரும் எச்சிலையும் பிசிறையும் நீக்க ஊசி. ஒன்று மக்கர் செய்தால் மாற்றிக்கொள்ள உபரி.

நம் பிள்ளைகள் யாராவது நாதசுரம் கற்கிறார்கள் என்றால் இதையும் சொல்லிக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் ஈரத்தைத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் ஹீட்டரும் ஆகாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடினால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டமுள்ள டப்பா நல்லது. ஒரே சீவாளியைத் தேய்க்காமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வாசித்தால் நீண்ட நாள் உழைக்கும்.

ஊரிலிருந்து கலைஞர்களை வரவழைப்போருக்கும் ஒரு வார்த்தை. முதல் நாளே வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். ஹீட்டர் அறையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். மேடையேறுமுன் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். சுருதி கூட்டுவதைத் தாமதம் என்று நினைக்க வேண்டாம். மங்கல இசை அங்கேயே தொடங்கிவிட்டது.